மூலையில் ஓடிய கடிகாரம்

பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றும் சூப்பர் ஹீரோவை வைத்துப் படமெடுத்தார் தயாரிப்பாளர் கோதண்டபாணி. கதையில் வில்லன் பள்ளிக்கூடத்தில் டைம் பாம் வைத்துவிட்டான். வெடிக்க மூன்றே நிமிடம். அந்த இடத்தில்தான் ஒரு டூயட் வேண்டும் என்றார் அவர்.

"கதை நின்னுடும் சார். ஜனங்க தம் அடிக்க வெளிய போயிடுவாங்க," என்றாள் உதவி எடிட்டர் ஜெரினா.

"காதல் இல்லாம எவன் படம் பார்ப்பான்? பாட்டு அங்கேதான். ஒரு செகண்ட் வெட்டக்கூடாது. ஒருத்தன் சீட்டை விட்டு எழுந்தாலும் உனக்கு வேலை இல்லை!"

ஜெரினா தலையாட்டிவிட்டுப் பாட்டை முழுசாகச் சேர்த்தாள். கூடவே, திரையின் மூலையில் பாமின் கடிகாரத்தைச் சின்னதாக ஓடவிட்டாள்.

விநியோகஸ்தர்களுக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். பனிமலையில் ஹீரோ ஹீரோயினுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தான். மூலையில் முப்பது, இருபது என்று நொடிகள் குறைந்தன. யாரும் அசையவில்லை. பத்து வந்ததும் ஒரே ஒருவர் துள்ளி எழுந்தார்.

"யோவ், அங்க பிள்ளைங்க சாகப்போகுது! பூ வைக்கிற நேரமாய்யா இது?"

ஆபரேட்டர் பதறிப்போய் விளக்கைப் போட்டார். நின்றுகொண்டிருந்தவர் கோதண்டபாணி.

"எழுந்தது நீங்க ஒருத்தர்தான் சார்," என்றாள் ஜெரினா. "இப்போ வேலை போறது எனக்கா, பாட்டுக்கா?"