கோழிக்கொட்டகையைச் சோதித்த கொக்கு

கார்த்திகை மாதம் ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியும்வரை கொட்டிய மழை காலையில் தூறலாகக் குறைந்திருந்தது. வாடைக்காற்று மட்டும் விடாமல் வீசிக்கொண்டிருந்தது.

குழந்தைகளே, அன்று ஒரு காட்டில் சோதனை ஒன்று நடந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அந்தக் காட்டில் சடையன் என்னும் குரங்கு கோழிப்பண்ணை வைத்திருந்தது. கோழிகள் இடும் முட்டைகளில் ஒரு பாதி குரங்குக்கு உரியது. மறு பாதி குஞ்சு பொரிப்பதற்கு. அதற்கு ஈடாக இரையும் நீரும் காவலும் குரங்கின் பொறுப்பு. கொட்டகையைச் சுற்றிலும் நெருக்கமான மூங்கில் பின்னல் இருந்தது. தரையில் நெல் உமி பரப்பப்பட்டிருந்தது. ஐப்பசி பிறந்ததும் சாக்குப் படுதாக்களைக் கூரையிலிருந்து தரைவரை இறக்கிக் கட்டிவிடுவதும், தை பிறந்த பின்னரே அவற்றை அவிழ்ப்பதும் அந்தக் காட்டுப் பண்ணைகளின் வழக்கம். சடையனும் அவ்வாறே செய்திருந்தது.

சடையன் கோழிகளிடம் அன்பு கொண்டது. ஆனால் எதற்கெடுத்தாலும் அஞ்சும். பகல் முழுவதும் கூரைமேல் அமர்ந்து நரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். இரையைக் கூரையிலுள்ள துளை வழியாகக் கொட்டும். முட்டையை வெளியே இருந்தே வாசல் வழியாகக் கைவிட்டு எடுக்கும். படுதா கட்டிய பின் கொட்டகைக்குள் அது நுழைந்ததே இல்லை.

"மழைக்காலத்தில் என் கோழிகளுக்கு என்னென்ன ஆபத்துகள் நேரக்கூடும்? ஆராய்ந்து சொல்லுங்கள், கொக்காரே. நீங்கள் சொல்கிறபடியே செய்கிறேன்" என்று அது ஓடைக்கரைக் கொக்கை அழைத்திருந்தது. அந்தக் காட்டின் பண்ணைகளை எல்லாம் அந்தக் கொக்குதான் சோதித்து வந்தது. அதனால் அதற்குச் செருக்கும் மிகுதி.

கொக்கு முதலில் கொட்டகையை வெளியே சுற்றி வந்தது. மூங்கில் பின்னலை அலகால் தட்டிப் பார்த்தது.

"நரி நுழைய வழியில்லை. பாம்பு நுழைய இடுக்கும் இல்லை. நன்று!"

பிறகு உள்ளே சென்று, கழுத்தை நிமிர்த்தி நின்று, "இங்கே ஏதேனும் ஆபத்து உண்டா?" என்று கேட்டது.

உயரமான கழிமேல் அமர்ந்திருந்த சேவல் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "நான் இருக்குமிடத்தில் ஆபத்தா? நன்றாகக் கேட்டீர்கள், ஐயா! வாடைக்காற்று ஒன்றுதான் தொல்லை. என் கொண்டை விறைத்துப்போகும். படுதாவை மட்டும் தொட்டுவிடாதீர்கள்" என்றது.

அப்பொழுது கீழே உமியின்மேல் குஞ்சுகளோடு அமர்ந்திருந்த செவலி என்னும் கோழி எழுந்து வந்தது.

"ஐயா, தரையில் இருக்க முடியவில்லை. குஞ்சுகளுக்குக் கண் எரிகிறது, மூச்சு இழுக்கிறது. என் கடைக்குட்டி நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை. இரையையும் தொடவில்லை."

கொக்கு கழுத்தை மேலும் உயர்த்தி, ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தது.

"எனக்கு ஒன்றும் எரியவில்லையே! சேவலாரே, உமக்கு எரிகிறதா?"

"துளியும் இல்லை!"

"சடையா, உனக்கு?"

"இங்கே காற்று சில்லென்று வருகிறது!" என்று கூரைமேலிருந்து குரல் வந்தது.

"கேட்டாயா, செவலி? நாங்கள் மூவரும் இல்லை என்கிறோம். நீ ஒருத்திதான் இருக்கிறது என்கிறாய். பிள்ளை பெற்றவளுக்கு எதைக் கண்டாலும் கவலைதான்."

"தாங்கள் சற்றே குனிந்து பாருங்கள், ஐயா."

"குனிவதா? எத்தனை பண்ணைகளைச் சோதித்திருக்கிறேன்! நின்றபடியே எனக்கு எல்லாம் தெரியும். சடையா, இங்கே ஆபத்து எதுவும் இல்லை. தை பிறக்கும்வரை படுதா இப்படியே இருக்கட்டும்."

கொக்கு வாசலை நோக்கித் திரும்பியது. செவலி தன் கடைக்குட்டியைப் பார்த்தது. அது தலையைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. தை மாதம்வரை அது எங்கே தாங்கப்போகிறது?

செவலி திடீரென்று கூவியது: "அடடா, தவளை! எவ்வளவு கொழுத்த தவளை!"

கொக்கு சட்டென்று நின்றது.

"எங்கே?"

"இதோ, இந்த உமிக்குள் புகுந்துவிட்டது. என் அலகு குட்டையானது, எட்டவில்லை. தங்கள் அலகுக்கு எட்டும்."

கொக்கு அடுத்த நொடியே குனிந்து உமிக்குள் அலகை நுழைத்தது.

"காணவில்லையே!"

"இன்னும் சற்று ஆழத்தில், ஐயா."

"இங்கேயா?"

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். நன்றாகத் துழாவுங்கள்."

கொக்கு துழாவியது. ஈர உமியிலும் எச்சத்திலும் ஊறிக் கிடந்த கார நெடி அதன் மூக்கில் ஏறியது. கண்கள் எரிந்தன. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அச்சு! அச்சு!" என்று தும்மியபடியே அது வெளியே ஓடி, தூறலில் போய் நின்றது.

"தவளை எங்கே?" என்று கத்தியது.

"தவளை இல்லை, ஐயா. தாங்கள் தேடி வந்த ஆபத்துதான் அங்கே இருக்கிறது."

"என்னிடமே பொய் சொன்னாயா?"

"முதலில் உண்மையைத்தான் சொன்னேன். அதற்குத் தாங்கள் குனியவில்லை."

கொக்கு சிவந்த கண்களைச் சிறகில் துடைத்துக்கொண்டு, "சடையா, கீழே இறங்கி வா. உள்ளே போய்த் தரையில் உட்கார்" என்றது.

குரங்கு உள்ளே போய் உட்கார்ந்தது. போன வேகத்திலேயே திரும்பி வந்தது.

"ஐயையோ! இதற்குள்ளேயா என் கோழிகளை இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டது.

"படுதாவை அவிழ்" என்றது கொக்கு.

"நரி வந்துவிடுமே!"

"நரியைத் தடுப்பது மூங்கில், சாக்கு அன்று."

"சாரல்? என் கொண்டை?" என்று முனகியது சேவல்.

"முழுவதும் அவிழ்க்க வேண்டாம். கீழே கட்டியபடியே இருக்கட்டும். மேலே ஒரு முழம் மட்டும் திறந்து விடுங்கள். நெடி வெளியேறும்; சாரல் குஞ்சுகள்மேல் படாது" என்றது செவலி.

சடையன் நான்கு பக்கமும் ஏறிப் படுதாக்களின் மேல்விளிம்பை இறக்கிக் கட்டியது. ஈர உமியை வாரி வெளியே கொட்டிவிட்டு, காய்ந்த உமியைப் பரப்பியது. மாலைக்குள் நெடி தணிந்தது. கோழிகள் நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகக் கால்மடக்கி அமர்ந்தன.

மறுநாள் கடைக்குட்டி ஒரு கண்ணைத் திறந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு கண்களையும் திறந்து, தன் அண்ணன் வாயிலிருந்த புழுவைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. "அடி திருடி!" என்று செவலி அதட்டியது, ஆனால் துரத்தவில்லை.

அதன்பின் சடையன் நாள்தோறும் கொட்டகைக்குள் இறங்கி உமியைக் கிளறிவிட்டது. சேவல் கழியின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து அமர்ந்தது. அதன் கொண்டைக்கு ஒன்றும் நேரவில்லை. கொக்கு அந்த வாரமே வாத்துப் பண்ணையைச் சோதிக்கச் சென்றது. யாரும் சொல்லுமுன்னே அது உள்ளே போய், நீண்ட கால்களை மடக்கி, வாத்துகளின் நடுவே தரையில் உட்கார்ந்தது.

நீதி: ஓர் உயிருக்கு நேரும் துன்பத்தை அளக்க விரும்புவோர், அவ்வுயிர் வாழும் இடத்திற்கே இறங்கிச் சென்று அளக்க வேண்டும்.