செங்கமலத்தின் மயில் ஷால்

குரு என்றதும் வெள்ளைத் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தாறு. பெயர் ஜுலைகா. ஆம்பூரில் ஒரு மாடியறையில், கொக்கி ஊசியால் துணியில் பூப்போடும் ஆரி வேலை சொல்லித் தருகிறாள். சிஷ்யைக்கு நாற்பத்தொன்பது. பெயர் செங்கமலம். பிளவுஸ் தைத்துத் தைத்தே கைக்கு வேகம் வந்தவள்.

ஜுலைகாவிடம் ஒரு ஷால் உண்டு. மெல்லிய வெள்ளைத் துணி, அதில் மாதுளம்பூக் கொடி. தள்ளி நின்று பார்த்தால் யாரோ வரைந்தது போலிருக்கும். கிட்டே போனால்தான் அத்தனையும் நூல் என்று தெரியும். ஒவ்வொரு தையலும் முன்னால் போகிறதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடும். தினமும் போடுகிறாள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துகிறாள். ஒரு பூகூட வெளுக்கவில்லை.

செங்கமலம் இங்கே வந்து சேர்ந்ததே அந்த ஷாலால்தான். பஸ்ஸில் முன் சீட்டில் அது போய்க்கொண்டிருந்தது. அது இறங்கிய இடத்தில் இவளும் இறங்கிவிட்டாள்.

முதல் நாள் ஊசியைக் கையில் கொடுத்தபோது ஜுலைகா சொன்னாள்:

"இது செருப்பு தைக்கிறவங்க ஊசி அக்கா. தோல்ல போய்க்கிட்டிருந்தது. மெலிஞ்சு துணிக்கு வந்துச்சு."

"அய்யே, இதையெல்லாம் வெளியில சொல்லாதீங்க டீச்சர்."

"ஏன்? எங்கம்மா ஷூ கம்பெனியிலதான் இருக்காங்க. உள்தோல் ஒட்டறாங்க."

செங்கமலத்துக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வேலை பிடித்தது. சீக்கிரம் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதும் ஒரே கேள்விதான்.

"எனக்கு எப்ப தனியா ஆர்டர் தருவீங்க?"

ஒருநாள் சுகிர்தா என்று ஒரு பெண் வந்தாள். எல்.கே.ஜி. மிஸ். தைராய்டு ஆபரேஷன் ஆகி, தொண்டையில் குறுக்கே ஒரு தழும்பு.

"ஒரே ஒரு நாள் ஸ்கூலுக்குப் போனேன்க்கா. 'மிஸ், உங்களை யாரு வெட்டுனா?'ன்னு கேக்குதுங்க. ஒரு பொடியன் போலீஸுக்குப் போன் போடவான்னு கேட்டான். மறுபடி லீவு போட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கை கழுத்தை விட்டு இறங்கவில்லை.

"திங்கட்கிழமை போயே ஆகணும். கழுத்தைச் சுத்திப் போட்டுக்கிற மாதிரி ஒரு ஷால் வேணும்."

ஜுலைகா திரும்பிப் பார்த்தாள். "செங்கமலம் அக்கா, இது உங்க ஆர்டர்."

அவ்வளவுதான். செங்கமலம் தூங்கினாளா என்று தெரியவில்லை. சனிக்கிழமை காலை ஷாலைக் கொண்டுவந்து, துணியை இழுத்துக் கட்டும் மர ஃப்ரேம் மேல் விரித்தாள். நீலத் துணியில் ஒரு மயில். கழுத்துக்கு ஜரிகைக் கம்பி, தோகைக்குப் பாசிமணி, கண்ணுக்குக் கல். அறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். பொய் சொல்லக்கூடாது, பிரமாதமாகத்தான் இருந்தது.

"டீச்சர், இதுல ஏதாவது குறை இருக்கா?"

ஜுலைகா ஃப்ரேமுக்குக் கிட்டே வந்தாள். தன் ஷாலைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மயிலை எடுத்துக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். போய் வேலையில் உட்கார்ந்துவிட்டாள்.

செங்கமலத்துக்குக் கால் தரையில் இல்லை.

"டீச்சருக்கே கழட்ட மனசு வரல," என்றாள் பக்கத்து ஃப்ரேம் பர்வீன். "பிரியாணி எப்பக்கா?"

"போடி. சாயங்காலம் ஆகட்டும், வாங்கித் தர்றேன்."

மத்தியானம் ஆனது. ஆம்பூர் வெயில் தெரியும்தானே. ஃபேன் அனல்காற்றைத்தான் சுற்றிவிட்டது. எல்லாரும் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். ஜுலைகா சாப்பிடும்போதுகூட ஷாலைக் கழற்றவில்லை. நடுநடுவே கழுத்தை மட்டும் சாய்த்துச் சாய்த்து வைத்துக்கொண்டாள். செங்கமலமும் அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தாள். அவள் பார்த்தது மயிலை.

சாயங்காலம் சுகிர்தா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ, அதுவா என்னோடது? எவ்வளவு அழகா இருக்கு!"

ஜுலைகா ஷாலை மெதுவாகப் பிரித்தெடுத்தாள். சுகிர்தாவிடம் கொடுக்கவில்லை. செங்கமலத்தின் கையில் வைத்தாள்.

"நீங்களே போட்டு விடுங்க அக்கா."

அப்போதுதான் செங்கமலம் ஜுலைகாவின் கழுத்தைப் பார்த்தாள். பூனை பிறாண்டியது மாதிரி சிவப்புச் சிவப்பாய்க் கோடுகள். ஒரு இடத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

ஷாலைத் திருப்பினாள். பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து ஒருமுறை தடவினாள். முடிச்சுகள். வெட்டிவிட்ட கம்பி முனைகள்.

எதிரே சுகிர்தா கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். தழும்பு இன்னும் பிஞ்சாக, இளஞ்சிவப்பாக இருந்தது.



"இது வேணாம்மா," என்றாள் செங்கமலம். "குத்தும்."

"பரவாயில்லக்கா, இவ்வளவு அழகா இருக்கே. நான் பொறுத்துக்கறேன்."

"நீ எதுக்கும்மா பொறுத்துக்கணும்? நாளைக்குச் சாயங்காலம் வா. வெறும் நூல்ல போட்டுத் தர்றேன். மயில் இருக்காது. நாலு பூதான்."

"திங்கட்கிழமை ஸ்கூல்க்கா..."

"திங்கட்கிழமை உன் கழுத்துல இருக்கும். போய்ட்டு வா."

சுகிர்தா படியிறங்கும் சத்தம் அடங்கியது. செங்கமலம் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைத் தேடி எடுத்து வந்தாள். ஜுலைகாவின் கழுத்தில் தடவும்போது அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"குறை இருக்கான்னு கேட்டேன்ல? காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல டீச்சர்?"

"காலையில சொல்லியிருந்தா," என்றாள் ஜுலைகா, "எனக்காகத் தையலைப் பிரிச்சிருப்பீங்க அக்கா. அந்தப் பொண்ணு கழுத்துக்காக இல்ல."