அணைத்து வைத்த மானிட்டர்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சங்கரவடிவுக்குப் பயமாக இருந்தது. ஆசிரமத்து அலுவலக அறையிலிருந்து கீரைப்பாத்தி வரை வருவதற்குள், சொல்ல வேண்டியதை மனசுக்குள் பலவிதமாக மாற்றிப் பார்த்துவிட்டாள். எப்படிச் சொன்னாலும் கடைசியில் பழி தன் தலையில்தான் வந்து விழுந்தது.

மாதாஜி குனிந்து தண்டங்கீரை கிள்ளிக்கொண்டிருந்தார். வடிவைவிட வயதில் இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"மாதாஜி, சத்தம் வருது. ஆளைக் காணல."

"யாரைக்கா?"

"பூங்கனியை."

பூங்கனி முந்தின நாள் சாயங்காலம் ஆசிரமத்துக்குச் செய்தி அனுப்பியவள். அவளுடைய சின்னப் பையனுக்கு இன்று மதுரையில் இருதய ஆபரேஷன். உள்ளே கூட்டிக்கொண்டு போகும் முன் நம்பர் அனுப்புகிறேன், மாதாஜி ஒரு வார்த்தை பேசினால் போதும், எனக்குக் காலில் தெம்பு வரும் என்று கெஞ்சியிருந்தாள். பேச வைக்கிறேன் என்று பதில் எழுதியவள் வடிவு.

"காலையிலேர்ந்து லேப்டாப்புல டிங் டிங்னு கேக்குது. தொட்டா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. அங்கே பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா?"

மாதாஜி கீரைக்கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார். வடிவு முன்னால் ஓடுவதும், நின்று திரும்பிப் பார்ப்பதுமாகப் போனாள்.

அறையில் மேஜை நடுவில் லேப்டாப். இரண்டு பக்கமும் இரண்டு மானிட்டர்கள். இடது பக்கத்தில் தியானக்கூடம் தெரியும். கூடத்தில் யாராவது மயங்கி விழுந்தால் தெரிய வேண்டுமே என்று வடிவு கேட்டு வாங்கி மாட்டியது. வலது பக்கத்தில் தென்காசியில் அவள் வீட்டு முன்னறையில் வைத்த கேமரா ஓடும். அவள் ஆசிரமத்தில் தங்க வந்துவிட்டதால், அங்கே அவள் கணவர் ஆவுடையப்பன் தனியாக இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். மாத்திரையை மறந்துவிடுவார், மைசூர்பாகை மறக்கமாட்டார். பூங்கனியின் செய்தியைக்கூட அந்த வலது மானிட்டருக்கு இழுத்துப்போட்டு, வீட்டைப் பார்த்துக்கொண்டேதான் படித்தாள்.

நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது அவள் மாதாஜியிடம் கேட்டிருந்தாள். "கண்ணை மூடினாலும் மனசு உக்கார மாட்டேங்குதே."

"மூணு பக்கம் தலையைத் திருப்புறீங்க. எந்தப் பக்கம் உக்காரும்?"

அது சுருக்கென்று தைத்தது. காலையில் வந்ததும் முதல் வேலையாக வலது மானிட்டரின் பட்டனை அமுக்கி அணைத்தாள். இனிமேல் போடுவதில்லை என்று சாமி படத்தைத் தொட்டுச் சத்தியமும் செய்தாள்.

மாதாஜி நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை நகர்த்தினார். அம்பு வலது ஓரத்துக்குப் போனது. அப்புறம் காணவில்லை.

"எங்கே போச்சு?"

"அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. நான்தான் அணைச்சிட்டேனே."

மாதாஜி கறுத்துக் கிடந்த மானிட்டரைப் பார்த்தார். அதன் பின்னாலிருந்து லேப்டாப்புக்குப் போன ஒயரைப் பார்த்தார்.

"அணைச்சீங்க. கழட்டினீங்களா?"

வடிவு ஒயரைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "கழட்டினா எல்லாம் போயிடுமே."

டிங் என்று சத்தம் கேட்டது.

"பூங்கனி நிக்கிறா, அக்கா."

வடிவு கண்ணை மூடிக்கொண்டு ஒயரைப் பிடுங்கினாள். லேப்டாப் ஒரு நொடி இருண்டது. தன்னால் மொத்தமும் கெட்டது என்று நினைத்தாள். வெளிச்சம் வந்தபோது, வலது பக்கம் இருந்ததெல்லாம் லேப்டாப்புக்குள் வந்து குவிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, திரை நிறைய, நீலமும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட துணி.

"என்னது இது?"

"எங்க வீட்டு அவுக துண்டு." வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். "நான் இங்க வந்த மறுநாளே கேமரா மேல போட்டு மூடிட்டாக."

"அப்ப இத்தனை நாளா எதைப் பார்த்தீங்க?"

"துண்டு அசையுதான்னு பார்ப்பேன். அசைஞ்சா ஃபேன் ஓடுது. ஃபேன் ஓடினா ஆள் வீட்டுல இருக்காக."

மாதாஜி சிரிக்கவில்லை. "மூடுங்க."

"மூடினா அவுகளுக்கு ஏதாவது..."

"இதுக்கு அடியில ஒருத்தி நிக்கிறா."

துண்டு மெல்ல அசைந்தது. வடிவு அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மூடினாள்.

அடியில் பூங்கனியின் செய்திகள் வரிசையாக இருந்தன. நம்பர் இருந்தது. 'டிரஸ் மாத்திட்டாங்க.' 'மாதாஜி இருக்காங்களா அம்மா.' 'ஸ்ட்ரெச்சர் வந்துட்டு.'

மாதாஜி போனை எடுத்து அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வடிவு முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"பூங்கனி, நான்தான். அவன் கையைப் பிடிச்சிருக்கியா? அப்படியே பிடிச்சுக்கிட்டு நட. கதவு வரைக்கும் நானும் கூட வர்றேன்."

பிறகு மாதாஜி பேசவில்லை. சக்கரம் உருளும் சத்தமும், ஒரு பெண் மூச்சு வாங்கி நடக்கும் சத்தமும் போனில் கேட்டன. ஒரு கதவு மூடிக்கொண்டது. "போயிட்டான் மாதாஜி," என்றது குரல். நடுக்கம் இருந்தது. ஆனால் நின்றுகொண்டிருந்த குரல்.

போனை வைத்த பிறகுதான் வடிவு உட்கார்ந்தாள்.

"சத்தியமா அணைச்சேன் மாதாஜி. அப்புறமும் ஏன் எல்லாம் அங்கேயே போய் விழுந்துச்சு?"

மாதாஜி கூடையை மேஜை மேல் வைத்து, ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"நீங்க அணைச்சது வெறும் கண்ணாடியை. அந்தப் பக்கம் இனி இல்லைன்னு லேப்டாப்புக்கு யார் சொன்னா?"

வடிவு எழுந்தாள். மவுஸை வலது ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். அம்பு ஓரத்தில் முட்டி நின்றது. இடது ஓரத்துக்குத் தள்ளினாள். லேப்டாப்பை விட்டுப் போய்விட்டது. அந்தப் பக்கம் யாரும் இல்லாத தியானக்கூடம் மானிட்டரில் வெறுமனே தெரிந்துகொண்டிருந்தது.

அந்த ஒயரையும் கழற்றினாள். இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, தன் கைக்கு எட்டாமல் போகட்டும் என்று மாதாஜியின் கூடையில், கீரைக்கு அடியில் வைத்தாள்.