யூதாஸ் நாற்காலி

"சாமி, யூதாஸ் நாற்காலியில ரபேல் உட்காரட்டும். மேலத்தெரு சம்மதிச்சிருச்சு" என்றார் சந்தியாகு.

பங்குத்தந்தை இஞ்ஞாசி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னது?"

"கபிரியேல் நாட்டாமை. இப்பத்தான் வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போறார்."

சந்தியாகு ஐம்பதை நெருங்கும்போதுதான் குருப்பட்டம் பெற்றவர். அதுவரை அரசுப் பேருந்தில் நடத்துநர். இஞ்ஞாசி அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் ஒரு பங்கை எப்படி நடத்துவது என்று கற்றுக்கொள்ள ஆயர் சந்தியாகுவை இவரிடம்தான் அனுப்பியிருந்தார்.

அந்த ஊரில் பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல் குருவானவர் ஊராரின் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு தேக்கு நாற்காலிகள் உண்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் பெயிண்டில் எழுதிய ஓர் அப்போஸ்தலர் பெயர். பேதுரு நாற்காலி கபிரியேல் குடும்பத்துக்கு. யோவான் நாற்காலி அவர் சம்பந்தி வீட்டுக்கு. இப்படிப் பதினொன்றும் மேலத்தெருவுக்குள்ளேயே தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும்.

யூதாஸ் நாற்காலியில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. அதன் மேல் ஒரு துணியைப் போட்டு, காலடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

கீழத்தெரு ஜனம் பின்னால், கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்று பார்க்கும்.

போன வருஷம் கீழத்தெரு ரபேல் தனக்கும் ஓர் இடம் கேட்டார். அந்த வாரமே அவருடைய வைக்கோல்போர் எரிந்தது. இந்த வருஷமும் கேட்டார். இஞ்ஞாசி சரி என்றுவிட்டார். நேற்று சந்தியாகுவின் பைக் சீட்டை யாரோ அரிவாளால் நீளமாகக் கீறியிருந்தார்கள்.

"நல்ல ஏற்பாடு சாமி. அவருக்கு இடமும் கிடைச்சிரும். ரத்தமும் விழாது."

"அப்ப நீங்களே போய் ரபேல்கிட்ட சொல்லிட்டு வாங்க. யூதாஸா வந்து உட்காருங்கன்னு."

சந்தியாகு ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"பயமா இருக்கு சாமி."

"யாரை நினைச்சு?"

"கபிரியேலைத்தான். பேதுரு நாற்காலியில வேற எவனாவது உட்கார்ந்தா, கழுவறதுக்குக் கால் இருக்காதுன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

"எனக்கும் பயம்தான். ஸ்டேஷன்ல சொல்லியிருக்கேன். ரெண்டு பேரை அனுப்புவாங்களாம்."

"அது போதுமா?"

"போதாது. ரெண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு நாட்டாமை வீட்டுல."

"அப்ப என்னதான் செய்யறது?"

"கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கிட்டு வாங்க. நல்லா சொரசொரன்னு இருக்கிற தாளா."

மதியம் கோவில் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். இஞ்ஞாசி முதலில் யூதாஸைத் தேய்த்தார். பிறகு தோமையார். பிறகு பிலிப்பு. சந்தியாகுவின் கை பேதுருவில் வந்து நின்றுவிட்டது.

"ஊர்ச் சொத்து சாமி. கேஸ் போடுவாங்க."

"போடட்டும். அதை இப்படித் தள்ளுங்க."

மாலைக்குள் பன்னிரண்டு முதுகும் வெறும் மரமாகிவிட்டன. எல்லாவற்றையும் கலைத்து வட்டமாகப் போட்டார்கள்.

"எது எதுன்னு உங்களுக்காவது தெரியுமா சாமி?"

"தேய்க்கும்போது தெரிஞ்சது."

அன்று இரவு கோவில் நிறைந்திருந்தது. வெளியே இரண்டு போலீஸ்காரர்கள் பைக்கில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சில பேருடைய சட்டை முதுகுப்பக்கம் அரிவாள் நீளத்துக்குப் புடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் செம்பைப் பிடித்திருந்த சந்தியாகு அவற்றை எண்ணிப் பார்த்தார்.

மேலத்தெருவின் பதினொரு பேரும் வெள்ளை வேட்டியில் வந்தார்கள். வட்டத்தைப் பார்த்ததும் நின்றார்கள்.

கபிரியேல் ஒரு நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தார். அடுத்ததையும் தடவினார்.

"பேதுரு எங்க சாமி?"

"இருக்கார்" என்றார் இஞ்ஞாசி.

"எதுல?"

"ஏதோ ஒண்ணுல."

"அப்ப யூதாஸ்?"

"அவரும் இங்கதான் இருக்கார்."

கபிரியேல் சம்பந்தியைப் பார்த்தார். "நீங்க உட்காருங்க சம்பந்தி."

"மூத்தவர் நீங்க நிக்கிறப்ப நானா? நல்லா இருக்காது."

யாரும் உட்காரவில்லை. கபிரியேலின் கை முதுகுப்பக்கம் போனது. சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அந்தக் கை தோளிலிருந்து இழுத்த துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பின்னால் கம்பித் தடுப்பு கிறீச்சிட்டது. ரபேல் நடந்து வந்தார். வழிவிட்டவர்களும் இருந்தார்கள், விடாதவர்களும் இருந்தார்கள். முதலில் எதிர்ப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டேய், அது எதுன்னு தெரியுமாடா உனக்கு?" கபிரியேலின் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"தெரியாதுங்க." ரபேல் குனிந்து வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார். "சாமி வந்து உட்காரச் சொன்னாங்க, உட்கார்ந்துட்டேன்."

பதினொரு நாற்காலிகள் காலியாக இருந்தன. அவற்றைச் சுற்றிப் பதினொரு பேர் நின்றார்கள். சந்தியாகு இஞ்ஞாசியின் காதருகே குனிந்தார்.

"எப்பவும் பேதுருகிட்டதானே ஆரம்பிப்போம். இப்ப யார்கிட்ட சாமி?"

இஞ்ஞாசி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முழங்காலிட்டார்.

"உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட."