புத்சாவின் வயிற்று நிழல்

எல்லோரும் வந்தாயிற்றா? பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். என் குரல் முன்போல எழும்புவதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் சயாம் என்று ஒரு தேசம். வெள்ளை யானை ஒன்று பிறந்துவிட்டால் ராஜாவே எழுந்து நின்று குடை பிடித்த காலம் அங்கே இருந்தது. அந்தக் காலத்துக் கதை இது. ஆனால் ராஜா வருவார், மந்திரி வருவார் என்று காத்திருக்காதீர்கள். அவர்கள் அரண்மனையில் சுகமாக இருக்கட்டும். நம் கதையில் வருவது ஒரு கறுப்பு யானை, அதன் பாகன், அவன் பெற்ற மகள்.

பாகன் பெயர் தோங்கம். யானையின் பெயர் புத்சா. இலந்தைப் பழத்துக்கு அந்த ஊர்ப் பாஷையில் புத்சா என்று பேர். குட்டியாக வந்த அன்றே கொல்லையில் இருந்த இலந்தை மரத்தைக் காலி செய்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆகா, அந்த நாட்களைச் சொல்ல வேண்டும்! தோங்கமும் புத்சாவும் ஒன்றாகக் காட்டில் வேலை பார்த்தார்கள். பகலில் தேக்கு இழுப்பார்கள். பொழுது சாய்ந்ததும் தோங்கம் யானையின் கழுத்தில் ஒரு மரமணியைக் கட்டி, காட்டுக்குள் மேய விட்டுவிடுவான். விடிந்ததும் மேட்டில் நின்று, "புத்சா, வாம்மா!" என்று கூப்பிடுவான். எங்கோ மூங்கில் புதருக்குள் டொக் டொக் என்று மணி கேட்கும். சத்தம் கிட்டக் கிட்ட வரும். கடைசியில் யானையே வந்து நிற்கும். கட்டி இழுக்கவும் வேண்டாம், அடித்து ஓட்டவும் வேண்டாம். கூப்பிட்ட குரலுக்கு வந்த காலம் அது.

தோங்கத்தின் மனைவி சந்தா நிறைமாதமாக இருந்தபோது ஒரு காரியம் நடந்தது. யானையின் வயிற்றுக்குக் கீழே மூன்று தரம் குனிந்து போய் வந்தால் பிரசவம் சுகமாக ஆகும் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. புத்சா ஆற்றங்கரையில் கட்டும் இல்லாமல் காவலும் இல்லாமல் புல் மேய்ந்துகொண்டிருந்தது. சந்தா தயங்கித் தயங்கிக் கிட்டப் போனாள். புத்சா வாயில் இருந்த புல்லைக்கூட மெல்லாமல் அசையாமல் நின்றது. ஒருதரம் போனாள், இருதரம் போனாள், மூன்றாம் தரம் சிரித்துக்கொண்டே போனாள். அதற்குப் பிறகுதான் யானை புல்லை மென்றது.

மறுவாரம் பெண் குழந்தை பிறந்தது. தாமரை என்ற பொருளில் புவா என்று பெயர் வைத்தார்கள்.

சும்மா இருக்குமா ஊர்? அடுத்த வீட்டுப் பெண் வந்தாள். பிறகு அடுத்த தெருப் பெண் வந்தாள். பிறகு அடுத்த ஊர்ப் பெண்கள் படகு பிடித்து வந்தார்கள். முதலில் இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். பின்னால் வாழைத்தாரும் கரும்புக் கட்டும் பட்டும் வந்தன. 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்று நாமும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்? யானையிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா?

தோங்கம் காட்டு வேலையை விட்டான். ஆற்றங்கரையில் கொட்டகை போட்டான். யானை என்றால் நடக்கும், குளிக்கும், மண்ணை வாரி முதுகில் போடும். நாள் முழுக்க ஓரிடத்தில் நிற்குமா? நிற்காது. வந்தவர்களோ காத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒரு சங்கிலி வந்தது. சங்கிலியை மறைக்க மஞ்சள் துணி வந்தது. அப்படியும் புத்சா அசைந்தது. அதனால் காதுக்குப் பின்னால் குத்தி அடக்க ஒரு இரும்பு முள் வந்தது. முள்ளை மறைக்கப் பூமாலை வந்தது. அந்த மாலையை வீட்டார்கூடத் தொடத் தோங்கம் விட்டதில்லை.

வந்தவர்கள் கண்ணுக்குப் பூமாலைதான் தெரிந்தது. "என்ன சாது! என்ன பொறுமை!" என்று கும்பிட்டார்கள். கழுத்தின் மேல் உட்கார்ந்திருந்த தோங்கத்தின் விரல் மட்டும் மாலைக்குள், முள்ளின் மேல் இருந்தது.

ஒருநாள் புத்சா வலி பொறுக்காமல் காலைத் தூக்கி வைத்தது. கீழே போன பெண்ணின் தோள்துணி ஓரம் மிதிபட்டுக் கிழிந்தது. ஒரு சாண் தள்ளி மிதித்திருந்தால்? தோங்கம் அதைக் கண்ணால் பார்த்தான். ஆனாலும் மேலே இருந்தபடியே சிரித்து, "அதுவும் ஆசீர்வாதம்தான்" என்று சொல்லிச் சமாளித்தான். அந்தப் பெண்ணும் கிழிந்த துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

காலம் ஓடியது. சந்தா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். புவா வளர்ந்து ஒரு படகுக்காரனைக் கட்டிக்கொண்டு அவன் படகிலேயே குடித்தனம் நடத்தினாள். தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் மூட்டையை இறக்கி வைத்த கையோடு கேட்டாள்.

"அப்பா, நான் புத்சாவுக்குக் கீழே எப்பப் போறது? அம்மா போன மாதிரி நானும் போகணும்."

தோங்கம் மகள் முகத்தைப் பார்க்காமல் மூட்டையை எடுத்து உள்ளே வைத்தான். "இப்ப வேண்டாம்மா. புத்சாவுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றான். அன்று சாயங்காலம் வரை ஊர்ப் பெண்கள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

சில நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். "நாள் நல்லா இல்லைம்மா" என்றான். அன்றும் பெண்கள் போய் வந்தார்கள்.

மூன்றாம் முறை கேட்டாள். "கூட்டம் தள்ளும்மா, உனக்கு ஆகாது" என்றான். அன்றும் பெண்கள் போய் வந்தார்கள்.

புவா மனம் வெதும்பிப் போனாள். அவளுக்கு அம்மா விட்டுப் போனது நகையோ நிலமோ அல்ல. அந்த ஒரு கதைதான். சின்ன வயதில் தூங்கப் போகும்போதெல்லாம், "புல்லைக்கூட மெல்லலைடி, அப்படியே நின்னா" என்று அம்மா சொல்வாள். முதல் பிரசவம் என்ற பயம் ஒரு பக்கம், அம்மா இல்லாத வீடு ஒரு பக்கம். அந்த நிழலில் குனிந்து போனால் அம்மாவே கூட நடப்பதுபோல இருக்கும் என்று நினைத்தாள். அப்பா அதைக்கூடத் தரமாட்டேன் என்கிறாரே என்று அழுதாள்.

தோங்கமும் அழுதான், யாருக்கும் தெரியாமல். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரிகிறது!

சித்திரையில் அந்த நாட்டுக்குப் புதுவருஷம். ஒருவர் மேல் ஒருவர் வாசனைத் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுவார்கள். அன்று கொட்டகை இருந்த யானைத்துறையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். புத்சாவுக்குப் பெரிய மாலையாகப் போட்டிருந்தார்கள். தோங்கம் கழுத்தில் உட்கார்ந்திருந்தான். பெண்கள் வரிசையாக வந்தார்கள், குனிந்தார்கள், போனார்கள்.

வடக்கு மலையிலிருந்து வந்த கேவ் என்ற பெண் மூன்று தரம் போய்விட்டுக் கைகூப்பியபடி நகர்ந்தாள். அவளுக்கு அடுத்து வந்து நின்றவள் புவா.

அப்பனிடம் கேட்டு அலுத்துப்போய், யாத்திரைக்காரர்களோடு தானும் வரிசையில் வந்துவிட்டாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு குனிந்தாள். அதே நேரம் தோங்கத்தின் விரலுக்குக் கீழே யானையின் தோல் துடித்தது. பின்னங்கால் சங்கிலி லேசாக இழுபட்டது.

"நில்லு!" என்று அலறினான் தோங்கம். "புவா, உள்ளே போகாதே! நில்லு!"

புவா நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு முன்னாடி போன பொண்ணை நிறுத்தலையேப்பா?"

அவ்வளவுதான் கேட்டாள். தோங்கத்திடம் இருந்த பொய்கள் எல்லாம் தீர்ந்து போயிருந்தன. மெல்லக் கீழே இறங்கினான். தன் கையாலேயே மாலையைக் கழற்றினான். காதுக்குப் பின்னால், மஞ்சள் அப்பிய புண் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. மாலைக்குள் இருந்த முள் கல்லில் விழுந்து ஒலித்தது.

"இவ சாதுவா நிக்கலை. வலியில நிக்கறா. எப்ப துள்ளுவாளோன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்களை எல்லாம் போகவிட்டேன். என் பொண்ணுன்னு வந்தப்ப மனசு வரலை."

கேவ் திரும்பி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் நின்றாள்.

"என் வயித்துல இருக்கறது பிள்ளை இல்லையா ஐயா?"

இருபது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது. அவன் அவள் காலடியில் விழுந்தான். கூட்டத்தில் யாரோ கல்லை எடுத்தார்கள். தோங்கம் அதைப் பார்த்துவிட்டு, "அடிங்க, வாங்கிக்கறேன். முதல்ல சங்கிலியைக் கழட்டிடறேன். உங்க சத்தத்துல இவ மிரளக் கூடாது" என்றான். கல் எடுத்தவர் அதை அப்படியே கீழே போட்டார்.

சங்கிலி கழன்றது. ஆனால் புத்சா நகரவில்லை. நகரலாம் என்பதே அதற்கு மறந்து போயிருந்தது. கூட்டம் விலகி ஆற்றுக்கு வழிவிட்டது. வெகுநேரம் நின்ற பிறகு, பின்னங்காலை ஒருதரம் இழுத்துப் பார்த்தது. எதுவும் தடுக்கவில்லை. இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தது. மூன்றாம் தரம் அடியெடுத்து வைத்தது.

அப்புறம் யார் பிடிக்க முடியும்! ஆற்றில் இறங்கியது, முங்கியது, மல்லாந்து புரண்டது. கரைக்கு வந்து மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டு மறுபடியும் இறங்கியது. வேண்டுதலுக்காக வந்த கூட்டம் வேண்டுதலை மறந்து பார்த்துக்கொண்டிருந்தது. கிழவர்கள் குழந்தைகள் மாதிரிச் சிரித்தார்கள். யானையை இத்தனை நாளும் கும்பிட்டோமே, ஒருநாளாவது பார்த்தோமா என்று கேவோடு துணைக்கு வந்திருந்த அவள் மாமியார் சொன்னாள்.

அன்றோடு கொட்டகை பிரிக்கப்பட்டது. யானை பார்க்க வந்தவர்களை இக்கரைப் புளியமரத்தடியில் உட்கார வைத்தார்கள். அக்கரையில் புத்சா தன் பாட்டுக்கு மேயும். வந்தால் பார்ப்பார்கள், வராவிட்டால் காற்று வாங்கிவிட்டுப் போவார்கள். தொடுவதும் இல்லை, ஏறுவதும் இல்லை. அப்படியும் படகுகள் வந்துகொண்டுதான் இருந்தன.

புவாவுக்குப் பிரசவம் ஆயிற்று. எந்த யானையின் கீழும் போகாமல், எல்லாப் பெண்களையும் போல வலித்து, அம்மாவைக் கூப்பிட்டு அழுதுதான் பெற்றாள். குழந்தை நன்றாக இருந்தது. கேவுக்கும் நன்றாகவே பிறந்ததாகப் படகுக்காரர்கள் சேதி கொண்டுவந்தார்கள். அதைக் கேட்ட பிறகுதான் தோங்கம் பேரனைக் கையில் வாங்கினான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மனிதருக்கும் யானைக்கும் உள்ளே ஒரு உயிர்த்துணை இருக்கிறதாம். அச்சத்திலும் நோவிலும் அது உடம்பை விட்டு ஓடிவிடுமாம். வெள்ளை நூல் எடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது திரும்பி வந்ததும் மறுபடி ஓடாதபடி, மனிதருக்கு மணிக்கட்டிலும் யானைக்குக் காதிலும் அந்த நூலைக் கட்டிவிடுவார்களாம். அடுத்த புதுவருஷத்தன்று தோங்கம் வெள்ளை நூலும் ஒரு கூடை இலந்தைப் பழமும் எடுத்துக்கொண்டு புத்சா மேயும் கரைக்குப் போனான்.

"புத்சா, வாம்மா!"

யானை அவன் குரல் கேட்டதும் மூங்கிலுக்குள் மறைந்துவிட்டது.

அதற்கு அடுத்த வருஷம் போனான். கூப்பிட்டான். அவன் கூடையை வைத்துவிட்டுப் படகேறிய பிறகு, யானை வந்து பழத்தை எடுத்துக்கொண்டது.

மூன்றாம் வருஷம் போனான். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரலும் முன்போல எழும்பவில்லை. மகளும் பேரனும் படகில் இருந்தார்கள். "புத்சா, வாம்மா" என்றான், பாதி தனக்குள்ளேயே.

மூங்கில் அசைந்தது. புத்சா வந்தது. யாரும் பிடிக்காமல், யாரும் ஓட்டாமல், கூடைக்குப் பக்கத்தில் வந்து நின்று ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

தோங்கம் நூலை எடுத்துக்கொண்டு காதுப்பக்கம் கையை உயர்த்தினான். தழும்பு இருந்த காது சட்டென்று பின்னால் ஒடுங்கியது. அவன் கையைத் தாழ்த்திக்கொண்டான். யானையும் நகர்ந்து போய்விடவில்லை. இருவரும் அப்படியே நின்றார்கள்.

புவா படகிலிருந்து இறங்கி வந்தாள். அப்பனின் கையிலிருந்து நூலை வாங்கினாள். "தோங்கம், வா" என்று அப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டு, அவன் மணிக்கட்டிலேயே நூலைக் கட்டினாள்.

கிழவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். புத்சா இன்னொரு பழத்தை எடுத்து, அவசரமே இல்லாமல் மென்றது.

கேட்டவர்களே, இதுதான் கதை, இதுதான் நீதி: நாம் பெற்ற பிள்ளையை அனுப்ப நமக்கே மனம் துணியாத இடத்துக்கு ஊரார் பிள்ளையை அனுப்பக் கூடாது, வாயில்லா உயிரை வதைத்து நிறுத்தி வைத்த நிழல் யாருக்கும் வரமாகாது.