மூடிக்குள் பிறந்தது

முன்னொரு காலத்தில் ஒரு நகரத்தின் குழாய்க்குள் குளோரின் என்றொரு காவல்காரன் இருந்தான். காலராவையும் பேதியையும் வழியிலேயே மறித்துக் கொல்வது அவன் வேலை. ஒரு கிருமியைக்கூட அவன் வீட்டுக்குள் விட்டதில்லை.

அந்தக் குழாய் போய்ச் சேர்ந்த ஓர் அடுப்படியில் உப்பு இருந்தாள். பிள்ளைகளுக்குக் கழுத்தில் கழலை வராமலிருக்க, அயோடினை மடியில் கட்டிக்கொண்டு வந்தவள்.

ஒரு நாள் காலை, அந்த வீட்டுப் பெனிட்டா தன் குழந்தைக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினாள். குழந்தை பசியில் வீறிட்டது. "பொறுடி தங்கம், இதோ ஆச்சு." அவசரத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மாவைக் கரைத்து, உப்பையும் அப்போதே போட்டு மூடிவிட்டாள்.

"நீங்கதானா அது! ஊரையே காப்பாத்துறவராமே?" என்றாள் உப்பு.

"ஏதோ நம்மாலானது. உங்களப் பத்தியும் கேள்விப்பட்டிருக்கேன்" என்றான் குளோரின்.

இரண்டு பேருமே நல்லவர்கள்தான். ஆனால் சூடு ஏற ஏற, அவனும் அவள் மடியிலிருந்த அயோடினும் மாவுக்குள் கலந்தார்கள். கொதி வந்தபோது, அவர்கள் நடுவில் ஏதோ ஒன்று பிறந்து கிடந்தது. அதற்குப் பெயர் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவின் வாடை மட்டும் இருந்தது.

"ஐயோ, இது யாருது?"

"என்னைய ஏன் பாக்குறீங்க? நான் கொல்ல வந்தவன். பெத்துப் பழக்கமில்ல."

"மூக்கப் பாருங்க. அச்சு அசல் உங்க மூக்கு."

"கண்ணு உங்களுது."

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மேலிருந்து மூடி மெதுவாகச் சொன்னது: "எதுக்குக் கலங்குறீங்க? நான் எதுக்கு இருக்கேன்? வாடை வெளிய போகாது. கரண்டிக்குக்கூடத் தெரியாது. உங்க பேருக்கு ஒரு குறையும் வராது."

அந்தப் பேச்சு இனித்தது. இருவரும் சும்மா இருந்தார்கள். மூடிக்கு அடியில் பெயரில்லாதது பெருகிக்கொண்டே போனது.

வெளியே வெறும் கிண்ணத்தில் ஸ்பூன் தட்டும் சத்தம். "ஆ காட்டு பாப்போம், ஆ..."

குளோரினுக்குச் சுரீரென்றது. "உப்பம்மா, அந்தப் பாப்பாவுக்காகத்தானே நாம வந்தோம்?"

"ஆமா."

"இந்த விஷத்தக் குடிக்கப் போறதும் அவதானே?"

உப்பு நிமிர்ந்து மூடியைப் பார்த்தாள்.

"மூடி, விலகு" என்றான் அவன்.

"மானம் போயிடும், அண்ணே" என்றது மூடி.

"போகட்டும்."

கொதியையெல்லாம் திரட்டி முட்டினான். உப்பும் கூடப் பொங்கினாள். மூடி தரையில் விழுந்து உருண்டது. வாடை அடுப்படி முழுக்கப் பரவியது.

"ச்சீ, என்ன இது, மருந்து நாத்தம்!" பெனிட்டா முகத்தைச் சுளித்துக் கஞ்சியைத் தொட்டியில் கொட்டினாள். கரண்டி பார்த்தது. டம்ளர்கள் பார்த்தன. ஒளிய இடமில்லாமல் இருவரும் வழிந்து போனார்கள்.

அவள் மறுபடி குழாயைத் திறந்தாள். குளோரின் மறுபடி வந்தான். இந்தத் தடவை வெறும் தண்ணீரை மூடாமல் கொதிக்கவிட்டு, பயந்து பயந்து முகர்ந்து பார்த்தாள். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் ஆவியோடு கிளம்பினான். பிறகுதான் மாவு வந்தது. "கஞ்சிய இறக்கின பிறகு நான் வர்றேன்" என்று ஜாடிக்குள்ளேயே காத்திருந்தாள் உப்பு.

ஜன்னல் வரை போனவன் அங்கேயே நின்றான். குழந்தை முதல் வாய் வாங்கியதும் கிண்ணத்தை எட்டிப் பார்த்தான்.

அதில் தன் சாயல் துளியும் இல்லை என்று கண்டு, அந்தத் தகப்பன் அழுதான், நிம்மதியாக.