அகழிக்குக் குறித்த இடம்

"மூணு தடவை கூட்டம் போட்டேம்மா. ஒருத்தரும் வாயைத் திறக்கல."

வனத்துறை ரேஞ்சர் அங்கப்பன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எதிரே துறவி மெய்யம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அங்கப்பனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மனம் குழம்பினால் அங்கப்பன் வருவது அவரிடம்தான்.

"கூட்டத்துல என்ன கேட்டீங்க?"

"யானை ஊருக்குள்ள வராம அகழி வெட்டப் போறோம், சம்மதமான்னு கேட்டேன். எல்லாரும் கைநாட்டு வெச்சாங்க. இப்ப, எந்திரம் வந்தா முன்னால படுத்துக்குவோம்ங்கிறாங்க."

"நாளைக்கு இன்னொரு கூட்டம் போடுங்க. நானும் வர்றேன்."

"இன்னும் என்னம்மா பேச?"

"அவங்க பேசற வரைக்கும் நீங்க பேசக் கூடாது."

மறுநாள் மலைக்கிராமத்தில், புங்கமரத்தடியில் நாற்பது பேர் கூடினார்கள். அங்கப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். துறவி ஜனங்களோடு தரையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அங்கப்பனும் தரைக்கு இறங்கினார்.

யாரும் பேசவில்லை. மரநிழல் விலகி, வெயில் முதுகில் ஏறியது. அங்கப்பனுக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

கடைசியில் நஞ்சி என்ற பெண் எழுந்தாள்.

"சார், நீங்க கோடு கிழிச்ச எடத்துல என் ரெண்டு புள்ளைங்க இருக்கு. அங்கதான் பொதைச்சோம்."

அங்கப்பன் கையிலிருந்த அகழி வரைபடத்தைப் பார்த்தார்.

"மூணு தடவையும் ஏம்மா சொல்லல?"

"சம்மதமான்னு கேட்டீங்க. அங்க என்ன இருக்குன்னு கேக்கலியே."

கூட்டத்தில் இருந்த மசணன் எழுந்தான்.

"அதுக்காக அகழி வேண்டாமா? தை மாசம் என் தம்பிய யானை மிதிச்சுக் கொன்னுச்சு."

நஞ்சி தலைகுனிந்தாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது.

அங்கப்பன் துறவியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, புள்ளைங்களும் அங்க. யானை வர்ற வழியும் அங்க. நான் எங்க வெட்டறது?"

"என்னை ஏன் கேக்கறீங்க? எனக்கு இந்தக் காடு தெரியாது."

 அங்கப்பன் வரைபடத்தை நஞ்சிக்கும் மசணனுக்கும் நடுவே விரித்தார்.

நஞ்சி அதைப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் தெரியல சார். வாங்க, நடந்து பாக்கலாம்."

மசணன் அரிவாளை எடுத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் முள்ளை வெட்டியபடி நடந்தான்.